இருட்டில் வைத்த மூன்று குப்பிகள்

சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாரீஸ்வரியின் தம்பி போன் செய்தார். "அக்கா காலையில தவறிருச்சுண்ணே" என்றார். காய்ச்சல் என்றுதான் மாரீஸ்வரி தன் ஊரான பேரையூருக்குப் போயிருந்தார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தும் எனக்கு நகரத் தோன்றவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஆய்வகத்தில் இருட்டுக்கு அவர்தான் பொறுப்பு. ஒளி பட்டால் மட்டுமே நடக்கும் புதிய வேதிவினைகளைத் தேடுவது எங்கள் தொழில். ஒரு தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கலவை, மேலே நீல விளக்கு. எதில் புதிதாக ஏதாவது விளைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்போம். அதே கலவையைச் சில குப்பிகளில் அலுமினியத் தாள் சுற்றி இருட்டிலும் வைக்க வேண்டும். அதிலும் விளைந்துவிட்டால், ஒளிக்கு அங்கே வேலையில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு குப்பியில் புதிய பொருள் கிடைத்தது. இருட்டில் இருந்ததில் அது இல்லை. கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் அனுப்ப வேண்டும். அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிய இருந்தது. கட்டுரை போனால்தான் வேலை நீளும். அன்று காலையில் என் குறிப்பேட்டைப் புரட்டிய மாரீஸ்வரி, "இருட்டுல வச்சது எங்க இருந்துச்சுண்ணே?" என்று கேட்டார்.

தட்டில் இடமில்லை என்று பக்கத்து ஏசி அறையில் வைத்திருந்தேன். விளக்கடியில் இருந்தவையோ விளக்கின் சூட்டோடு சித்திரைச் சூடும் சேர்ந்து தொட முடியாமல் சுட்டன. அவர் அதே கலவையை மூன்று குப்பிகளில் ஊற்றி, தாள் சுற்றி, விளக்கடியிலேயே வைத்தார்.

ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் எரிந்து விழுந்தேன். என் வேலை போனால் உங்களுக்கு என்ன என்றுகூடக் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தயிர்சாதத்தை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை. மாலையில், விளைந்த பொருளை அளக்கும் கருவியின் திரையில் கோடு மெல்ல ஏறியது. இருட்டுக் குப்பியிலும் அதே பொருள், அதே அளவு. வேலையைச் செய்தது சூடு.

நமக்குள் இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கதான் இருக்கேன்."

பேராசிரியர் அறைக்கு இருபதடிதான் இருக்கும். பாதி வழியில் ஒருமுறை நின்றேன். போய்ச் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டு, ஒப்பந்தத்தை மூன்று மாதம் நீட்டித் தந்தார். திரும்பி வந்தபோது மாரீஸ்வரி அடுத்த தட்டுக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. அடக்கத்துக்கு மறுநாள் ஆய்வகம் வந்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் அவர் வைத்த கடைசித் தட்டு சோதிக்கப்படாமல் இருந்தது. சோதித்ததில் ஒரு குப்பியில் புதிய பொருள் இருந்தது. அதன் இருட்டுக் குப்பியில் அவர் மடித்த தாள் அப்படியே இருந்தது. பிரிக்கக் கை வரவில்லை. பிரித்தேன். கோடு ஏறிவிடுமோ என்று திரையையே பார்த்து நின்றேன். ஏறவில்லை.

பேராசிரியரிடம் நான் ஓடவில்லை. அதே கலவையை மறுபடி மூன்று குப்பிகளில் ஊற்றி, தாள் சுற்றி, விளக்கடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஆறு மணி நேரக் காத்திருப்புதான். எதிரே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அன்று பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.