கேவியட் மனுவும் பக்கத்து வீட்டுக்காரரும்

நெமிலிச்சேரியில் என் வீட்டு வாசல் வரை ஆட்டோ வர ஒரே ஒரு சந்துதான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அதில் பாதி தம்முடையது என்று சொல்லி மதில் எழுப்பினார். அன்று முதல், முழங்கால் தேய்ந்த என் மனைவி மருத்துவமனைக்குப் புறப்படும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரிய தெரு வரை நடக்க வேண்டியதாயிற்று.

முன்சீப் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தேன், தோற்றேன். மேல்முறையீட்டை விசாரித்த சார்பு நீதிமன்றம் கிராம வரைபடத்தை மறுபடி பார்த்து, சந்து பொது வழியே என்றும் மதிலை அகற்ற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படவேண்டும் என்றே நீதிமன்றங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அமைத்திருக்கிறார்கள் என்று கண்டவரிடமெல்லாம் பெருமையாக விளக்கினேன்.

பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. எதிராளியும் உயர் நீதிமன்றம் போகலாம், தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு என்றார் என் வக்கீல். அதன்பின் பக்கத்து வீட்டில் பைக் கிளம்பினாலும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

“உக்காருங்க. மதிலு எங்கயும் ஓடிடாது” என்பாள் மனைவி.

அறுபது நாள் கடந்தும் பக்கத்து வீட்டுக்காரர் அசையவில்லை. என்னைக் கேட்காமல் தடையுத்தரவு வழங்கக் கூடாது என்று முன்கூட்டியே கொடுக்கும் கேவியட் மனுவைப் போட்டுவைப்போம் என்றார் வக்கீல். கையெழுத்திட்டேன். அதன் நகலை எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான்காம் நாள் காலை அவர் அந்த உறையுடன் மதிலுக்கு அப்பால் நின்றார்.

“இன்னா அண்ணாத்தே, நான் கம்முனுதானே கீறேன். நீயே தபால் போட்டு மேல போடான்றியா?”

“சட்டப்படி அனுப்ப வேண்டிய நகல் அது.”

“உட்டுடு நைனான்னு எம் புள்ள சொன்னான். நானும் சரின்ட்டேன். இப்போ இத்தப் பாத்துட்டு என் வக்கீலு, அவுரு பயப்படறாருன்னா என்னான்ட பாயின்ட் கீதுன்றாரு.”

“முதல் கோர்ட் தவறாகச் சொன்னது. அதனால் நான் போனேன்.”

“நீ தோத்தா மேல போவ. நான் தோத்தா கீயே குந்திகினு இருக்கணுமா?”



வக்கீலிடம் ஓடினேன். “சந்து பொது வழியா என்று உயர் நீதிமன்றத்தில் மறுபடி ஆராய மாட்டார்கள், சட்டத்தைச் சரியாகப் பொருத்தினார்களா என்றுதான் பார்ப்பார்கள். மேலே போகப் போகக் கேள்வி குறுகும். இல்லையென்றால் எந்த வழக்கும் முடியாது” என்றார். அறிவு ஏற்றுக்கொண்டது, மனம் ஏற்கவில்லை. அந்தக் குறுகிய கேள்விக்குள் ஒரு முழங்காலுக்கு இடமுண்டா?

தடை வராதவரை மதிலை அகற்ற மனுப் போடலாம், ஆனால் வழக்கை முதலில் விசாரித்த கோர்ட்டில்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். என்னைத் தோற்கடித்த அதே இடம், மேலே சொன்னதை இப்போது நிறைவேற்ற வேண்டும். போட்டேன். எண்பத்தெட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து தடை கேட்டார். கேவியட் இருந்ததால் என் தரப்பையும் கேட்க வேண்டுமென்று தேதி தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் மருத்துவமனை நாள். மனைவி என் தோளைப் பிடித்தாள்.

“இப்போ எந்த கோர்ட்ல கீது?”

“மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது.”

“சரி, நடங்க” என்றாள்.