ஆறு மாதச் சாமான்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு சாதனை செய்தேன். எங்கள் பெரியம்மா வீட்டில் பிளாஸ்டிக் கவரே இல்லாமல் ஆக்கினேன்.

ஒரு வாரத்தில் வீட்டில் சேரும் கவர்களை எடுத்து வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் சொற்பம்தான் தேறியது. தெருக்கோடியில் இருந்த பெரியம்மா வீட்டில் ஒரு பை நிறையக் கிடைத்தது. பெரியப்பா இறந்து, ஒரே மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு பெரியம்மா தனி ஆள். ஆனால் தினமும் நாலு மணிக்குப் புடவை மாற்றி, தலை வாரிக்கொண்டு, செஞ்சி பஜாருக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் கால் கிலோ பருப்பு, மறுநாள் கடுகு, அதற்கடுத்த நாள் ஒரே ஒரு சோப்பு. போகும்போது எங்கள் வாசலில் நின்று, “கடைக்குப் போறேன், எதுனா வேணுமா?” என்று அம்மாவைக் கேட்பார். திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும்.

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த அண்ணன் முன்னால் அந்தப் பையைக் கொட்டினேன். “எவ்ளோ வேஸ்ட்டு பாருண்ணா.” அவனுக்கும் நியாயமாகப் பட்டது. டப்பாக்களையும் துணிப்பைகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் பைக்கில் மொத்தக் கடைக்குப் போனோம். பருப்பு, புளி, மிளகாய், உப்பு, ஒரு டின் கடலை எண்ணெய், பெட்டியோடு சோப்பு. ஆறு மாதத்துக்குக் கவலையில்லை.

“இனிமே நீ கடைக்கே போவ வேணாம்மா” என்றான் அண்ணன்.

“இவ்ளோ எதுக்குப்பா, நான் ஒருத்திதானே” என்றார் பெரியம்மா. சந்தோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு நாலு மணிக்கு அவர் காலையில் கட்டிய புடவையோடே தன் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். சில நாள் எங்கள் வீடுவரை வந்து, எதுவும் வாங்க வேண்டுமா என்று கேட்பார். அம்மா வாய் திறப்பதற்குள் நான், “நாங்களும் மொத்தமா வாங்கிட்டோம் பெரியம்மா” என்பேன். “அப்படியா” என்று திரும்பிப் போவார்.

நோட்டு வாங்க பஜாருக்குப் போனபோது அவருடைய வாடிக்கைக் கடைக்காரம்மா என்னை நிறுத்தினார். “உங்க பெரியம்மாவுக்கு இன்னா ஆச்சு, உடம்பு சரியில்லியா? அவங்க வந்து பேசிட்டிருந்தா எனக்கும் பொழுது போவும்.”

“நல்லாத்தான் இருக்குறாங்க. வாங்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல” என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியின் முறத்தில் பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார். “வண்டு வச்சிட்டுதுடி, காய வச்சி நீ எடுத்துக்கோ.” நான் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். ஒரு வண்டுகூட இல்லை.

“நல்லாத்தானே இருக்குது?”

“உனக்குக் கண்ணு தெரியல” என்று உள்ளே போய்விட்டார். நாலு மணிக்கு, தலை வாரி, துவைத்து மடித்த புடவை கட்டி, எங்கள் வாசலில்கூட நிற்காமல் பஜார் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

அன்று மாலையே அண்ணனுக்கு போன் போட்டேன். “பெரியம்மா பருப்ப வேஸ்ட்டு பண்றாங்கண்ணா.” அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் காற்றுப் புகாத டப்பாக்களோடு வந்தான். அவன் பஸ் ஏறிப் போன பிறகு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவற்றில் மாற்றி, மூடிகளை அழுத்தி மூடினேன்.

“இனிமே வருசமானாலும் கெடாது பெரியம்மா.”

“ஆமா, கெடாது” என்றார். நான் செருப்பு மாட்டும்போது, “நாளைக்கும் வரியா?” என்று கேட்டார்.

“எதுக்கு? அதான் எல்லாத்தையும் மூடியாச்சே” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.