புக்கில் இல்லாத இஞ்சின்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரே வாசல்தான். ஒரு பக்கம் காலி வீதி என்ற பெருந்தெரு. மறுபக்கம் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். யுத்த காலத்தில் அந்த வாசலில் சோதனைச்சாவடி போட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நான், புத்தி கெட்டவன், என் பழைய மொரிஸ் மைனருக்கு டீசல் இஞ்சின் பூட்டியிருந்தேன்.

பூட்டியவர் ஒரு கொட்டாஞ்சேனை கராஜ்காரர். ஏதோ ஜப்பான் வான் வண்டியில் கழற்றிய இஞ்சின். டீசலுக்குப் பெரிய பட்டரி வேண்டும், பொனெட்டுக்குள் இடமில்லை. மனிசன் பின்சீற்றுக்கு அடியில் தகரப் பெட்டி ஒன்றை வெல்டிங் பண்ணி, பட்டரியை அதற்குள் இறக்கி, மேலே சீற்றைப் போட்டு மூடிவிட்டார். இரண்டு தடித்த வயர்கள் கம்பளத்துக்குக் கீழால் முன்னுக்கு ஓடின. வெளியே ஒன்றுமே தெரியாது என்று பெருமை வேறு.

"கார்ப் பதிவுப் புக்கில பெற்றோல் எண்டெல்லோ கிடக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பொறகு மாத்திக்கலாம் சேர். யாரு பொனெட்ட தொறந்து நம்பர் பாக்கப்போறா?"

மாற்றப் போனேன். மோட்டார் பதிவுக் கந்தோரில் இஞ்சின் வாங்கிய கடிதம் கேட்டார்கள். கராஜ்காரரிடம் கடிதம் இல்லை. பழைய இஞ்சினையாவது திருப்பிப் பூட்டுவோம் என்றால், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். ஆக, அந்தக் காரைத் தெருவில் ஓடவும் கூடாது, பழையபடி ஆக்கவும் முடியாது. வீட்டு வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவிக்கு அப்போது நிறைமாதம். "என்னை மட்டும் இந்தக் காரில ஏத்தாதேங்கோ" என்று நாளுக்கு நாலு தரம் சொன்னாள். "நீர் சும்மா இரும், நான் பாக்கிறன்" என்பேன். என்ன பார்த்தேனோ!

ஒருநாள் காலை ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். ஓட்டோ எதையும் உள்ளே விடவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு வலி கண்டது. இரண்டடி நடக்க முடியவில்லை. காரில் ஏற்றினேன், வேறென்ன செய்ய? பின்சீற்றில், அந்தப் பட்டரிக்கு மேலேயே படுத்தாள்.

சாவடியில் நின்ற சார்ஜன் புக்கைப் பார்த்தான். லொறி மாதிரி இரைந்த இஞ்சினைக் கேட்டான். "மேக்க டீசல் நே!", இது டீசல் அல்லவா, என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். பிறகு பொனெட்டைத் திறந்து, உள்ளே ஓடும் வயரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. பின்சீற்றைத் தூக்கச் சொன்னான்.

அவளை இறக்கினோம். சீற்றைத் தூக்கினால் மூடிய தகரப் பெட்டி, வயர்கள். ஓர் ஆமிப் பொடியன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். பதினைந்து வருசம் சிங்களத்தில் கந்தோர் வேலை பார்த்தவன் நான். அந்த நேரம் "பட்டரி, பட்டரி" என்று உளறினேன். அவள்தான் கதவைப் பிடித்துக்கொண்டு, "மல்லி" என்று அந்தப் பொடியனைத் தம்பியாக்கி, "அது பட்டரிதான், எனக்கு வயிறு நோகுது" என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள்.

சார்ஜன் காலி வீதியில் போன ஓட்டோ ஒன்றை மறித்து அவளை ஏற்றினான். நானும் ஏறப்போனேன். நெஞ்சில் கை வைத்து நிறுத்தினான். நான் போகக்கூடாதாம்.

அவள் தனியே போனாள். நான் சாவடியின் மர வாங்கில் குந்தியிருந்தேன். பெட்டியைப் பிரித்தார்கள், இஞ்சின் நம்பரை எழுதினார்கள், கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபம் வரவில்லை. புக்கில் இல்லாத இஞ்சினைப் பூட்டியவன் நான். அவள் வழியில் என்ன பாடுபடுகிறாளோ என்று நினைக்க நினைக்க வெட்கத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. அந்த நாட்களில் இப்படி வாங்கில் இருந்த எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியதில்லை என்பதும் தெரியும்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெண் பிள்ளை. அவள் பக்கத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"காரை விட்டிட்டாங்களே?"

"இல்லையப்பா. காரை வச்சுக்கொண்டு என்னை விட்டிட்டாங்கள்."

"அது காணும், அது போதும்" என்றாள். பிறகுதான் அழத் தொடங்கினாள்.