காசிக்குப் போன மாமா

ஹீட்டரின் மேல் காயும் ஈரக் கம்பளிக் காலுறையின் மணம் வந்தால் எனக்குக் காசிதான் நினைவுக்கு வருகிறது. ஒஸ்லோவில், அம்மருட்டின் அடுக்குமாடி வீட்டில், அந்த ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டுதான் அம்மாவின் தம்பி, என் மாமா, தான் கண்ணால் கண்டிராத அந்த நகரத்தை எனக்குக் கதைகதையாகச் சொன்னார். அப்போது எனக்கு எட்டு வயது.

காசி சிவனின் சூலத்து முனையில் நிற்பதால் பிரளயத்திலும் மூழ்காதாம். அங்கே பல்லி சொல்லாதாம், பூ மணக்காதாம், சாகிறவரின் வலக்காதில் சிவனே வந்து மந்திரம் ஓதுவாராம். காலபைரவர் விடாமல் ஒருவரும் அந்த ஊரில் தங்க முடியாது என்று சொல்லும்போது மட்டும் மாமா சிரிப்பார். "அங்கையும் ஒரு வீசாக் கந்தோர் இருக்கடா. ஆனா அவர் ஆளின்ரை முகத்தைப் பார்த்து முடிவு சொல்லுவார்."

அவருக்கு மிகவும் பிடித்தவன் அரிச்சந்திரன். நாட்டையும் மனைவி மகனையும் இழந்து, காசிச் சுடலையில் காவல் நின்றபோதும் பொய் சொல்லாதவன். மாமாவுக்கும் அந்தக் கிறுக்கு இருந்தது. அகதி விசாரணைக்கு முன் தெரிந்தவர்கள் எல்லாரும் "கொஞ்சம் கூட்டிச் சொல்லும்" என்று புத்தி சொன்னார்கள். அவரோ இலங்கையில் ஆமி பிடித்ததையும், அடிக்காமல் விட்டதையும் நடந்தபடியே சொல்லிவிட்டு வந்தார். 'அவ்ஸ்லாக்' வந்தது. நிராகரிப்பு என்பதற்கு எங்கள் வீட்டில் அந்த நோர்வேச் சொல்தான். தமிழில் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா இல்லை. பொலிஸ் வந்து கூட்டிப்போய்க் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டது. என்னிடம் அம்மா சொன்னது வேறு: "மாமா காசிக்குப் போய்ட்டார்." நான் அழவில்லை, பெருமைப்பட்டேன், வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததால், அவர் எதை விடுவார் என்று அம்மாவை நச்சரித்தேன். "என்னைக் கேளாதை" என்று அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

பன்னிரண்டு வயதில், கோயிலில் இரண்டு பெண்கள் கதைத்ததைக் கேட்டுத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. திருப்பி அனுப்பப்பட்ட பிறகு, திருகோணமலையில் ஒருநாள் கடைக்கென்று வெளிக்கிட்ட மாமா வீடு திரும்பவில்லை. போர் முடிந்தும் திரும்பவில்லை. உண்மை சொன்னவரை நம்பாத இந்த நாட்டின் மீதும், என்னிடம் பொய் சொன்ன அம்மாவின் மீதும் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மருட் வீட்டை விற்றாயிற்று. அரிச்சந்திரன் கதை சொல்ல இங்கே ஆளில்லை. கூட்டிச் சொல்லச் சொன்னவர்கள் இந்த நாட்டுக் குடிமக்களாக நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும். போன மாதம் அம்மாவிடம், காசிக்குப் போய் மாமாவுக்குப் பிண்டம் வைப்போம், இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாமாம் என்றேன்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் பிண்டம் வைப்பினமோ?" என்றார் அம்மா. நான் சப்பாத்தைப் போட்டுக் கதவைத் திறந்தபோது சொன்னார்: "நீ போறதெண்டால் போ. அங்கை அவனைக் கண்டால், அக்கா சுகம் கேட்டதெண்டு சொல்லு."