பின் சீட்டில் இடம் இல்லை

நடந்ததைத்தான் எழுதுகிறேன். "பழைய வண்டின்னா ஸ்பிரிங் போயிருக்கும், ஏசியில தண்ணி ஒழுகும்" என்று எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள் இப்போதே வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். ஸ்பிரிங்கைப் பார்த்தாயிற்று. ஏசி அன்றைக்கு ஓடவே இல்லை. என் பெயர் கெங்கம்மா. எண்ணூரில் கடலோரக் குப்பம். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள். பேய்க் கதை சொல்லி எனக்கு ஒரு கூடை மீன் கூடுதலாக விற்கப்போவதில்லை.

கார் வாங்கியது என் தங்கை நர்மதாவுக்காக. அவளுடைய முதல் பிரசவத்துக்கு வலி எடுத்தபோது எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள். போனுக்கு மேல் போன் போட்டும் ஒரு வண்டியும் குப்பத்துக்குள் வரவில்லை. அவளை மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். ராயபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை என் மடியிலேயே பிறந்துவிட்டது. அது அழவில்லை. அவள் மறுபடி உண்டானதும் நான் போய் டிரைவிங் கற்றுக்கொண்டேன். இந்தக் குழந்தை உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

பழைய கார் விற்கிற இடத்துக்குக் கன்சல்டிங் என்று பேர். மணலி புதுநகரில் சுடலைராஜ் என்பவன் ஒன்று வைத்திருந்தான். "நம்ம தெருமுனை மெக்கானிக் ஹுமாயூனையும் இட்டுகினு போக்கா" என்றாள் நர்மதா. எவனும் வர வேண்டாம் என்றேன். போனில் வீடியோ பார்த்து எல்லாம் படித்து வைத்திருந்தேன். முன்பே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருக்கிறானா என்று பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆர்சி புக்கில் இருக்கிற நம்பரும் இன்ஜினில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்தேன். வெள்ளத்தில் மூழ்கின வண்டியைக் கழுவி விற்பார்கள், அதற்கு சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வாங்கக் கூடாது என்று அந்த வீடியோக்காரன் சொல்லியிருந்தான். முன் சீட்டு பெல்ட் இரண்டையும் கடைசி வரைக்கும் இழுத்தேன். சுத்தமாக இருந்தன.

பின் சீட்டில் புதுக் கவர் போட்டு, பெல்ட்டுகளை அதற்குள் தள்ளித் தைத்திருந்தான்.

"இதப் பிரி" என்றேன்.

"இன்னாக்கா, கண்ணாடி மாதிரி கீது வண்டி. காலைலேர்ந்து நோண்டிகினே கீற. பின்னால எவன் பெல்ட் போட்டுகினு போறான்?"

அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பேச்சை வளர்க்காமல் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம்தான் அதைச் செய்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய படகு வாங்கினால், முதல் தடவை கடலில் இறக்குவதற்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, படகின் மூக்கில் கை வைத்துக் கூப்பிடுவோம். அந்தப் படகில் முன்னே தொழில் செய்து போய்ச் சேர்ந்தவர்கள் கூடவே வந்தால் வலை நிறையும் என்று ஒரு நம்பிக்கை. படகை விற்கும்போது அதே மாதிரி கை வைத்து, இறங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவோம். கார் வாங்குகிற வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். எனக்குத் தெரிந்த வண்டி படகுதான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பானட்டில் கை வைத்தேன்.

"இதுல ஏறுனவங்க எல்லாரும் ஏறிக்கோங்க. இனிமே நாங்கதான் ஒங்க ஆளுங்க" என்றேன்.

நர்மதா சிரித்தாள். வண்டி லேசாகக் கிரீச்சென்றது. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. மண் தரை, டயர் பதிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வேகத்தடைக்கு வேகத்தடை அடியில் இடித்தது. வண்டியில் நான் ஒருத்திதான். ஏற்றத்தில் முக்கியது. ஹுமாயூனிடம் காட்டினேன்.

"ஸ்பிரிங்லாம் புதுசாட்டம் கீதுக்கா. பின்னால இன்னா லோடு ஏத்தற?"

"ஒண்ணும் ஏத்தல."

அவன் நம்பவில்லை. மீன் ஏற்றுகிறேன் என்று நினைத்தான். மீன் வாடை அடித்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் கதவைத் திறந்தால் பின் சீட்டிலிருந்து கழிமுகத்துச் சேற்று வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து வரும். சீட்டைத் தொட்டால் ஈரம். துடைத்தால் துணி கறுப்பாகும். கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் நிறுத்துவேன். மழையும் இல்லை.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் நர்மதாவுக்கு வலி எடுத்தது. அவள் புருஷன் கடலில். அவளைப் பின் சீட்டில் இடது பக்கம் உட்கார வைத்தேன். காலை நீட்டிப் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

எண்ணூர் ரோடு வழக்கம்போல கன்டெய்னர் லாரிகளால் நிறைந்திருந்தது. ஆனால் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் படுக்கவில்லை. கதவோடு ஒட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சீட்டு முழுக்கக் காலியாகக் கிடந்தது.

"இன்னாத்துக்கு கதவோட ஒட்டிகினு குந்திகிற? நல்லா நவுந்து குந்து."

"எடம் இல்லக்கா."

வலியில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. கியரைக் குறைத்து மிதித்தேன். இன்ஜின் அலறியது. எண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்கியது. எனக்குப் பின்னால்... யாரோ மூச்சு வாங்கினார்கள். நர்மதாவின் மூச்சு இடது பக்கம் கேட்டது. இது என் தலைக்கு நேர் பின்னால்.

டக்.

பின் கதவின் லாக் திறந்தது. பட்டனை அழுத்திப் பூட்டினேன்.

டக்.

மறுபடி திறந்தது.

"நர்மதா, அதுல கைய வைக்காத."

"நான் வெக்கல."

பூட்டினேன்.

டக்... டக்... டக்...

"அக்கா... தள்றாங்கக்கா."

கதவு திறந்துகொண்டது.

காற்றும் லாரிச் சத்தமும் உள்ளே வந்து விழுந்தன. அவளுடைய பாதி உடம்பு வெளியே இருந்தது. அவளுக்குக் கீழே ரோடு ஓடியது. இடது பக்கமாக ஒரு கன்டெய்னர் லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

ஒரு கையைப் பின்னால் விட்டேன். புடவை கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

பிரேக்.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கதவை உரசிப் போனது.

இறங்கி ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன். உயிரோடு இருந்தாள். காலியாகக் கிடந்த சீட்டைப் பார்த்தேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. என் வண்டியில் ஏறி, என் தங்கச்சியையே தள்ளுகிறீர்களா? வண்டி மேல் கையை வைத்தேன்.

"நான்தான ஏறச் சொன்னேன்? நானே சொல்றேன். ஏறுனவங்க எல்லாரும் எறங்கிக்கோங்க. எறங்கு."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு...

கிரீச்.

வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது.

கிரீச்.

இன்னும் கொஞ்சம் எழும்பியது.

காத்திருந்தேன். அப்புறம் சத்தமே இல்லை. நர்மதா என் தோளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தேன். வண்டி பாலத்தில் சர்ரென்று ஏறியது.

ராயபுரத்தில் லேபர் வார்டு வாசலில் நர்ஸ் என்னைத் தடுத்தார்.

"கூட ஒருத்தர்தான் உள்ள வரலாம். இன்னொருத்தர் வெளிய இருங்க."

எனக்குப் பின்னால் வேறு யாருக்கோ சொல்கிறார் என்று உள்ளே போய்விட்டேன். பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே அழுதது. நான் அதைவிடச் சத்தமாக அழுதேன். மகிழினி என்று பேர் வைத்தோம்.

அவர்களை வீட்டில் கொண்டுவந்து விட்ட கையோடு வண்டியை ஹுமாயூனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் சீட்டைக் கழற்றிப் பார், என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். கவரைப் பிரித்தான். பெல்ட்டை வெளியே இழுத்தான். சுத்தமாக இல்லை. கறுப்பு எண்ணெயும் சேறும் பட்டை பட்டையாக அப்பியிருந்தன. நடுவில் ஒரு தையல்.

"கம்பெனி எண்ணெ கலந்து வந்துச்சே, அந்த வெள்ளத்துல முழுகின வண்டிக்கா இது. உள்ள மாட்டிகினு இருந்தவங்கள பெல்ட்ட அறுத்து எடுத்துக்கீறாங்க. அப்பால தச்சி உள்ள தள்ளிட்டான்."

"எந்தப் பக்கத்து பெல்ட்டு?"

ஹுமாயூன் மற்றதையும் இழுத்தான். நடுவில் இருப்பதையும் இழுத்தான். மூன்றிலும் அதே கறுப்பு, அதே தையல்.

சுடலைராஜுக்குப் போன் போட்டேன்.

"பின் சீட்டுல எத்தினி பேரு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"மூணு பேரு. நீ கேக்கல, நான் சொல்லல." போனை வைத்துவிட்டான்.

பாலத்தின் மேல் வண்டி இரண்டு தடவைதான் எழும்பியது.

வீட்டுக்கு ஓடினேன். உள்ளறையில் எங்கள் பெரிய கட்டில். நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம். நர்மதா சுவரோடு ஒட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தையை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சக் கட்டில் முழுக்கக் காலி. மெத்தை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது.

குழந்தையைக் கையில் எடுத்தேன். அதைச் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது. எண்ணெய் வாடை.

படகிலிருந்து இறக்கத்தான் எங்களுக்கு வார்த்தை தெரியும். வீட்டிலிருந்து போகச் சொல்வதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கிறாய் என்று நான் அவளைக் கேட்கவும் இல்லை.

நர்மதாவே கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"எடம் இல்லக்கா."