நெயில் பாலிஷ் அம்மை

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டுவிட்டது என் மாமாதான். அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து, கை என்று பொட்டுப் பொட்டாக வைத்தார். குங்குமம் அழிந்துவிடும், இதுதான் கொப்புளம் மாதிரி பளபளக்கும் என்றார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மேலே பூசி என்னைப் பாயில் படுக்க வைத்தார்கள். வாசலில் ஒரு கொத்து வேப்பிலை செருகியதும் வேலை முடிந்தது.

அடையாற்றின் கரையில் எங்களுக்கு ஓர் அறை வீடு. அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அம்மா ஆழ்வார்பேட்டையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். மாமா கிண்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டே தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்ட ஆள். கரையில் இருப்பவர்களைக் காலி செய்யப் போகிறார்கள், அதற்காக வீடு வீடாக வந்து ஆட்களை எழுதிக்கொண்டு சுவரில் நீலப் பெயிண்டில் நம்பர் போடுகிறார்கள் என்ற சேதியை அவர்தான் கொண்டுவந்தார்.

“நம்பர் போட்டாதான்க்கா இடிப்பான். உள்ள வந்து பாத்தாதான் நம்பர் போடுவான். ஆத்தா எறங்கன வூட்டுக்குள்ள எவன் வருவான், சொல்லு?”

“ஆத்தா பேர்ல பொய் சொல்றியே, வெளங்குவியா நீ?” என்று அம்மா அரை மணி நேரம் திட்டினார். அப்புறம் அவரே அம்மியில் மஞ்சளை அரைத்தார். ஆத்தாவைவிட வீடு போய்விடும் என்ற பயம் பெரிது.

வேப்பிலையைப் பார்த்ததும் சந்தே மாறிப்போனது. தினமும் என்னோடு நொண்டி விளையாடுகிறவள் எங்கள் வாசல் வந்ததும் எதிர்ப் பக்கச் சுவரை உரசிக்கொண்டு ஓடினாள். கடன் சர்க்கரை கேட்டு ஒருவரும் வரவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் தாளிக்கிற சத்தம் நின்றது. அம்மாவையும் மாமாவையும் தவிர என்னை யாரும் தொடவில்லை. ஒரு பாட்டில் நெயில் பாலிஷுக்கு இவ்வளவு பேர் பயப்படுவார்களா என்று படுத்த இடத்திலேயே திகைத்துப்போனேன்.

எதிர் வீட்டு அத்தை செய்ததுதான் இன்னும் மோசம். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் அம்மாவோடு சண்டை போட்டு எங்கள் குடத்தை எட்டி உதைக்கிறவர் அவர். என்னையும் சும்மா விட்டதில்லை, சனியன் என்றுதான் கூப்பிடுவார். அவர் கூழ் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் தரையில் விழுந்து என்னைக் கும்பிட்டார்.

“தாயே, கொறையொண்ணும் வெக்காம எறங்கிப் போயிடும்மா. எம் புள்ளைங்களாண்ட வந்துடாத.”

அவர் கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எழுந்த அத்தை மூக்கை உறிஞ்சினார்.

“இன்னாடா பெயிண்டு வாசன வருது?”

“பின்னாடி ஆட்டோக்கு டச்சப் பண்ணிக்கினுகீறாங்கக்கா” என்றார் மாமா, முகம் மாறாமல்.

மூன்றாம் நாள் கணக்கெடுக்க வந்தார்கள். கையில் பேப்பர் கட்டோடு ஒரு இளம்பெண், பின்னால் பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள். எங்களுக்கு வேலையே வைக்காமல் அத்தையே குறுக்கே நின்று தடுத்தார்.

“அந்த வூட்டாண்ட போவாத மேடம். சின்னப் பொண்ணுக்கு ஆத்தா வந்துகீது.”

அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். வெளியில் நின்றபடிகூட ஒரு பெயர் கேட்கவில்லை. பெயிண்ட் ஆள் எங்கள் சுவரைத் தாண்டி அடுத்த சுவரில் நம்பர் எழுதினார். மாமா சந்தோஷத்தில் என் கால் கட்டை விரலைப் பிடித்துக் கிள்ளினார். அன்று பிரியாணி வாங்கிவந்து, வாசனை வெளியே போகாமல் கதவிடுக்கில் துணியை அடைத்துவிட்டு மூன்று பேரும் தின்றோம்.

அடுத்த மாதம் நம்பர் போட்ட வீடுகளுக்கெல்லாம் ஒரு சீட்டு வந்தது. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு. இடிப்பதற்கு நம்பர் தேவையே இல்லை. மாற்று வீடு கொடுப்பதற்குத்தான் நம்பர். அம்மா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு நான்கு நாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். உங்கள் வீடு பூட்டியிருந்ததாக எழுதியிருக்கிறது, லிஸ்ட் மேலே போய்விட்டது என்றார்கள். மாமா ஆட்டோவிலேயே கிடந்தார், வீட்டுக்குள் வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் புல்டோசர் வந்தது. மற்றவர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை உள்ளே இழுத்து, கைக்குக் கிடைத்த மஞ்சளை முகமெல்லாம் அப்பி, குங்குமத்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, வாசல்படிக்குக் குறுக்கே படுக்கவைத்தார். “புள்ளைக்கு ஆத்தா போட்டுகீது. கிட்ட வராதீங்க” என்று கத்தினார். இந்த முறை அது நடிப்பு இல்லை, கெஞ்சல்.

போலீஸ்காரம்மா ஒருவர் நேராக என்னிடம் வந்தார். மூக்கை மூடவில்லை. குனிந்து, கழுத்துக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை கொடுத்து என்னைத் தூக்கினார்.

“ஒட்டிக்கும்” என்றேன்.

“ஒட்னா ஒட்டட்டும், கம்முனு வா.”

எழுத வந்தவர்கள் தாண்டப் பயந்த வாசல்படியை இடிக்க வந்தவர்கள் சாதாரணமாகத் தாண்டினார்கள். இதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்று எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. சந்தில் ஒருவரும் தொடாத என்னை ஒருத்தர் பயப்படாமல் தூக்கிவிட்டார். அப்படியென்றால் அவருக்கு என்னை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். பின்னால் சுவர் விழுகிற சத்தம் கேட்டது. நான் அவர் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.