கதவில் சிவப்புத் துண்டு

அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் பெரிய பெரிய மெஷின்களுக்கு நடுவில் நின்றவர். காது பாதி போய்விட்டது, குரல் இரண்டு மடங்காகிவிட்டது. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பருத்திப்பட்டில் சின்னதாக ஒரு வீட்டுக்கு வந்தோம். அவர் போனில் பேசினால் நாலாவது வீடு வரை எங்கள் கதை தெரிந்துவிடும். அம்மா இருந்தவரை அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அந்த வீட்டில்தான் நான் குரல் விற்கத் தொடங்கினேன். அம்பத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், ஆறு மாதம் விண்ணப்பம் போட்டு அலுத்து, கடைசியில் ஆன்லைனில் ஒரு கணக்கைத் திறந்தேன். யாரோ எழுதிய பாடத்தையோ விளம்பரத்தையோ தமிழில் படித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அப்பா, 'கோழி மேய்ச்சாலும் கவர்மென்ட்ல மேய்க்கணும்' என்கிற ரகம். "ஆபீஸ் இல்ல, ஐடி கார்டு இல்ல, மேலதிகாரி மூஞ்சிகூடத் தெரியாது. இது என்னம்மா வேலை?" என்றார். முதல் இரண்டு மாதம் என்னை ஒருத்தரும் சீந்தவில்லை. மூன்றாவது மாதம் கிடைத்த முதல் வேலையை அதைக் கொடுத்தவர் திருப்பி அனுப்பினார். பின்னால் ஓர் ஆண் குரல் கேட்கிறதாம். அப்பா வாசலில் சிலிண்டர்காரரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று நான் கத்திய கத்தல் இருக்கிறதே! "நான் சம்பாதிக்கணும்னா நீங்க வாயை மூடணும்ப்பா" என்று சொல்லிவிட்டேன். பெற்ற அப்பனிடம் சொல்கிற வார்த்தையா அது? அவர் கோபப்படவில்லை. மறுநாள் காலையில் பீரோவிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"ஃபேக்டரில ஒருத்தன் மெஷினுக்குள்ள கைய விட்டு ரிப்பேர் பாத்தா, சுவிட்சுல சிவப்புத் துணி கட்டுவோம். கட்டினவன்தான் அவுக்கணும். எவ்ளோ பெரிய ஆபீசர் வந்தாலும் தொடக் கூடாது. நீ வேலை பாக்கறப்ப இதைக் கதவுல போடு."

அவ்வளவுதான். துண்டு தொங்கினால் டிவி கிடையாது, போன் கிடையாது, மிக்ஸி கிடையாது. இருமல் வந்தால் தெருமுனைக்குப் போய் இருமிவிட்டு வருவார். பால்காரருக்குக் கைஜாடை. எங்களுக்குள் ஏதோ சண்டை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பீரோவுக்கும் எதிரொலி வராமலிருக்கச் சாய்த்து வைத்த மெத்தைக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தேன். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒன்றரை வருடத்தில் என் வருமானம் அப்பாவின் பென்ஷனைத் தாண்டியது. சொன்னபோது, "அப்ப நான் வாயை மூடினதுக்குப் பாதி குடு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

துண்டு தொங்காத நேரத்திலும் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. பொய் சொல்வானேன், கவனித்தேன். எனக்கு அது வசதியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பெரிய வேலை ஒன்றுக்கு மாதிரியாக ஒரு பாடம் கேட்டிருந்தார்கள். பதினொரு மணிக்குப் படித்து முடித்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. குரல் பிடித்திருக்கிறது, மொத்தப் பாடங்களும் எனக்குத்தான். அந்தப் பதிலை நாலு தடவை படித்தேன். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் குரலை நானே போட்டுக் கேட்டேன். இன்னொரு தடவையும் கேட்டேன். கதவில் துண்டு தொங்குவது நினைவிலேயே இல்லை.

கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஓடி வந்தார். "இன்னாக்கா, நைனா இப்டி வேர்த்துகினு கீறாரு! எவ்ளோ நேரமா இப்டி கீது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எப்போது ஆரம்பித்தது என்று காதருகே கேட்டேன். பதினொன்றேகால் இருக்கும் என்றார்.

"கதவைத் தட்டியிருக்கலாமேப்பா?"

"துணி தொங்கிச்சேம்மா."

கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் சொல்வதுதான் என்று சொந்தக்காரர்கள் என்னைத் தேற்றினார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்றும், அதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் எனக்குத்தானே தெரியும். அன்று சாயங்காலமே அப்பா போய்விட்டார். பாவி நான், அடுத்த மாதமே உட்கார்ந்து அந்த மொத்தப் பாடங்களையும் படித்தும் கொடுத்தேன்.

இப்போது வேலைக்குக் குறைவில்லை. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். எந்த மைக் வாங்குவது, மெத்தையை எங்கே சாய்ப்பது, முதல் வேலைக்கு எவ்வளவு கேட்பது, எல்லாம் சொல்கிறேன். போனில் குறித்துக்கொள்கிறார்கள். கடைசியாக, வேலை முடிந்ததும் முதலில் வெளியே வந்து வீட்டில் இருப்பவர்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்கிறேன். தலையாட்டுகிறார்கள். அதை மட்டும் யாரும் குறித்துக்கொள்வதில்லை.